பகல் ஒரு மணிச் சேவல்

பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஒருவர் "இதோ முடிக்கப் போகிறேன்" என்று சொன்னால் நம்பக் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில், மேக்கனில் பிறந்து, ஞாயிறு தவறாமல் சர்ச் பெஞ்சைத் தேய்த்து வளர்ந்த எங்களுக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாலு ஆம்பளைகள், நாலு போன், நாலிலும் ஒரே சேவல். மண்டையில் கொஞ்சமாவது மூளை இருக்கிறவன் இப்படிச் செய்வானா? நாங்கள் செய்தோம்.

என் பெயர் ரோஸ்கோ டில்லரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நியூ கிலியட் சபையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைப்பேன். மற்ற நாட்களில் எங்கள் ஆட்களுக்கு எச்.ஐ.வி. வராமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. எங்கள் ஆட்கள் என்றால் ஆண்களை விரும்பும் கறுப்பின ஆண்கள், இரண்டு பக்கமும் மனசு போகிறவர்கள், எந்தப் பக்கம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளப் பயப்படுகிறவர்கள். ஒரு வேன் இருக்கிறது, அதில் வைத்து ரத்தம் சோதிப்போம். வியாழக்கிழமை சாயங்காலம் மில்ட்ரெட் கோழிக்கடையின் பின்னறையில் கூடுவோம். சீட்டாட்டம், பொரித்த இறக்கை, ஊர் வம்பு, நடுநடுவே மருத்துவம். எனக்கு அந்தக் கிருமி உண்டு, ரொம்ப வருஷமாக உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதால் அது சோதனையிலேயே தட்டுப்படாமல் அடங்கிக் கிடக்கிறது, என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. இதை நான் எங்கேயும் மறைப்பதில்லை. மறைத்து மறைத்துச் செத்தவர்களின் அடக்கத்துக்குப் போய்ப் போய் என் கறுப்பு சூட்டே நைந்துபோயிற்று.

அந்தப் பின்னறைக்குள் எனக்குப் பெயர் அத்தை. அங்கே யாரும் யாரையும் "டா" போடுவதில்லை. வெளியே லாரி ஓட்டுகிறவன், இரும்பு அடிக்கிறவன், தோள் இரண்டும் கதவகலம் இருக்கிறவன், எல்லாரும் உள்ளே வந்துவிட்டால் "வாடி", "போடி", "ஏண்டி" தான். அதில் ஒரு சுகம் இருக்கிறது, வெளியாருக்குச் சொன்னால் புரியாது.

லெமுவல் கெய்ன்ஸ் மட்டும் எல்லாரையும் "அண்ணே" என்றான். முப்பத்து நாலு வயசு, லாரி மெக்கானிக், ஆறடிக்கு மேல் உயரம், வாயைத் திறந்தால் சத்தமே வராது. எங்கள் சபைப் பிள்ளைதான். அவன் ஒருநாள் வேனுக்கு வந்து கையை நீட்டியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஊசிக்கு அல்ல அந்த வேர்வை. கிருமி இல்லை என்று வந்ததும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அப்புறம் தடுப்பு மாத்திரை ஆரம்பித்தான். தினம் ஒன்று போட்டால் கிருமி ஒட்டாது, அவ்வளவுதான் அந்த மாத்திரை. ஆனால் தினம் என்றால் தினம்.

எங்கள் வேன் நர்ஸ் ஒரு வியாழக்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டு, லெமுவலே சொல்லச் சொன்னதாகச் சொல்லிவிட்டு, அவன் மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடுகிறான் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சீட்டை மேஜையில் போட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரைய எங்க வெச்சிருக்க?"

"வண்டிலண்ணே. ஸ்டெப்னி டயருக்கு அடியில."

எங்கள் சபையின் ஆர்கன் வாசிப்பவன் பெர்சி அதைக் கேட்டுவிட்டு இறக்கையைக் கீழே வைத்தான். "ஏண்டி, ஜார்ஜியா வெயில்ல டயருக்கு அடியில வெச்சா அது மாத்திரையா, வறுகடலையா?"

"வீட்ல வைக்க முடியாதுண்ணே. அக்கா துவைக்கறதுக்கு முன்னாடி என் பையெல்லாம் துழாவிப் பாப்பா."

"இந்த வயசுல உன் சட்டைய அக்காவா துவைக்கிறா?"

"நான் மடிக்கிறது அவளுக்குப் பிடிக்காது."

பெர்சி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "பாதி நாள் குடை புடிச்சா பாதி நாள்தான் நனைவேன்னு நெனச்சுக்கிட்டியா? வாரத்துல பாதி நாள் விட்டுட்டு எனக்குப் பாதுகாப்பு இருக்குன்னு சுத்தறது ஒண்ணுதான், மாத்திரையே போடாம சுத்தறது ஒண்ணுதான். உனக்கு வந்துதுன்னா நான் என்னடா பண்ணுவேன்?" பின்னறையில் நான் "டா" போட்டால் கோபம் தலைக்கேறியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

லெமுவல் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னான். "அம்மா போனப்ப எனக்கு ஏழு வயசு. அக்காதான் வளத்தா. கல்யாணம்கூடப் பண்ணிக்கல. அவளுக்கு இது தெரிஞ்சா, அன்னிக்கே மாத்திரையும் வேணாம், இந்த எடமும் வேணாம், ஊரையே விட்டுப் போயிருவேன். அவ மூஞ்சில என்னால முழிக்க முடியாது. அவ்வளவுதாண்ணே."

அவன் அக்கா வெர்னிஸை எனக்கு நன்றாகத் தெரியும். சபைச் சமையலறை அவள் ராஜ்யம். அவள் கரண்டியைத் தட்டினால் மூப்பர்களே வரிசையில் நிற்பார்கள். அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. இந்தப் பிள்ளை போய்விட்டால் வேறெந்த ஊரில், எந்தக் கதவைத் தட்டப் போகிறான்? போனவர்களை எனக்குத் தெரியும். எந்தக் கதவையும் தட்டுவதில்லை.

யோசனை சொன்னது பெர்சி. மாத்திரையை அவன் சாவிக்கொத்தில் தொங்குகிற சின்ன உலோகக் குப்பியில் போட்டுக்கொள்ளட்டும். போனில் ஒரு அலாரம் வைக்கட்டும். தனியாக மணி அடித்தால் பயமாக இருக்கும், ஆகவே நாம் எல்லாரும் அதே நேரம், அதே சத்தம் வைத்துக்கொள்வோம். "எங்க இருந்தாலும் நாலு பேருக்கும் ஒண்ணாக் கூவும். இப்ப அவளும் போடுறா, நானும் போடுறேன்னு தோணும்" என்றான். என்ன சத்தம் என்று கேட்டோம். மில்ட்ரெட் கடைப் பலகையில் பெரிய சேவல் ஒன்று இருக்கிறது. பெர்சி அதைக் காட்டினான்.

நேரம் பகல் ஒரு மணி. ஞாயிறு தவிர பெர்சி அதற்கு முன் எழுந்திருக்க மாட்டான், லெமுவலுக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று கார்னெல் கேட்டான். கார்னெல் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை, எதையும் சந்தேகப்படுகிறவன். நான்தான் சொன்னேன், எங்கள் பாஸ்டருக்குப் பசி தாங்காது, பன்னிரண்டரைக்கெல்லாம் ஆசீர்வாதம் சொல்லிவிடுவார் என்று. அதோடு உள்ளே போகும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவோமே என்று பெர்சி சொன்னான். கார்னெலும் சரி என்றுவிட்டான்.

நிஜமாகவே அது வேலை செய்தது. பகல் ஒரு மணிக்கு நான் எங்கே இருந்தாலும் இடுப்பில் சேவல் கூவும். லெமுவல் பட்டறையிலிருந்து ஒரு கோழிப் படம் அனுப்புவான், போட்டுவிட்டேன் என்று அர்த்தம். ஒரு நாள்கூட விடவில்லை. நர்ஸ் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒரு வியாழக்கிழமை பெர்சி சீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தபோது லெமுவல் அவன் கையைத் தட்டிவிட்டு, "போடி, களவாணி" என்றான். சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம்.

அப்புறம் வந்தது, பாஸ்டர் எங்கள் சபைக்கு வந்த நாளைக் கொண்டாடுகிற ஆண்டு விழா.

ஆண்டு விழாவுக்கு வெளியூர்ப் பிரசங்கியாரை அழைப்பது வழக்கம். வந்தவர் வல்டோஸ்டாவிலிருந்து ரெவரெண்ட் ஒபதியா ஸ்ட்ரவுட். தொண்டை வெண்கலம், உடம்பு பீப்பாய். பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வாயையே திறந்தார். "சகோதரரே, நான் முடிக்கப் போறேன்" என்று முதல் தடவை சொன்னபோது பெண்கள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை சொன்னபோது ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்துக் கூடத்திலிருந்து கோழி பொரிக்கிற வாசனை வேறு. பின்வாசலில் நின்ற எனக்கு வயிறு இரைந்தது. எல்லார் போனும் சத்தமில்லாமல்தான் இருந்தது. அலாரத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது என்பது எங்கள் நாலு பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

ரெவரெண்ட் திடீரென்று குரலைத் தாழ்த்தினார். ஒரு கையை மேலே தூக்கினார். "தேவன் உன்னப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. யார் பதில் சொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, கையைத் தூக்கியபடியே நிறுத்தினார். சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கொக்கரக்கோ.

முதல் சேவல் ஆர்கன் மேலிருந்து. பெர்சி தன் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தான், நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் கூவியது. இரண்டாவது என் பையில். எடுத்து அமுக்கினேன், அமுக்கினேன், அமுங்கவில்லை. கையுறை போட்ட விரலுக்குப் போன் மசியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது பாடகர் குழுவில்; கார்னெல் அங்கிக்குள் கையை விட்டுத் துழாவுவதைப் பார்த்தால் உள்ளே நிஜமாகவே கோழி வைத்திருப்பவன் போல இருந்தது. நாலாவது முன்வரிசையில். பெரிய மஞ்சள் தொப்பி போட்ட வெர்னிஸுக்குப் பக்கத்தில் லெமுவல் எழுந்து நின்றுகொண்டு, முகத்தில் ஈயாடாமல், போனைக் கண்டபடி அமுக்கிக்கொண்டிருந்தான். அந்த மஞ்சள் தொப்பி மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

ரெவரெண்ட் கையை இறக்கினார். "இந்தச் சபையில கோழிப் பண்ணையும் நடத்துறீங்களா?"

சபை கொல்லென்று சிரித்தது. பெர்சிக்கு வெட்கம் என்பதே கிடையாது. மைக்கை இழுத்து, "மன்னிக்கணும் ரெவரெண்ட், மருந்து நேரம்" என்றான்.

"ஐயோ, என் பிரஷர் மாத்திரை" என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி. அவ்வளவுதான். சபை முழுக்கக் கைப்பைகள் டப் டப்பென்று திறந்தன. சர்க்கரை மாத்திரை, ரத்த மாத்திரை, மூட்டு மாத்திரை. மூப்பர் பர்விஸ் எழுந்து நின்று, "ரெவரெண்ட், என்னுது சாப்பிட்டுட்டுப் போடுற மாத்திரை" என்றார் பணிவாக. எங்கள் பாஸ்டர் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. துள்ளி எழுந்து ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்துவிட்டார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போனார்கள். நான் லெமுவலைத் தேடிக்கொண்டே போனேன். கிழவிகளுக்குப் பிரஷர் இருக்கும், சரி. பட்டறையில் எஞ்சினையே தூக்குகிற பிள்ளைக்கு என்ன மருந்து என்று யாராவது கேட்காமல் இருப்பார்களா?

கூடத்தில் லெமுவல் ஒரு தட்டு நிறையச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தான். பொரித்த கோழி, பன்றித் தொடை, மக்ரோனி, கீரை, தனிக் கிண்ணத்தில் கோப்ளர் என்கிற பீச் பழ இனிப்பு, பெரிய கிளாஸில் இனிப்புத் தேநீர். ஒன்றையும் தொடவில்லை. மாத்திரையும் போடவில்லை, சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன். பெர்சியும் வந்து உட்கார்ந்தான், அவன் வாய்கூட மூடியிருந்தது.

முதலில் வந்தவர் மூப்பர் பர்விஸ். "தம்பி, ஒன் சேவலும் கூவுச்சே. என்ன மருந்து?"

லெமுவல் பேந்தப் பேந்த விழித்தான். "சர்க்கரைங்க."

பர்விஸுக்கு ஒரே சந்தோஷம், துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதே என்று. "சர்க்கரையா? எனக்கும் அதுதாண்டா. அப்ப நீ இதத் தொடக் கூடாது" என்று கோப்ளரையும் தேநீரையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். தனக்கும் ஆகாது என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அவர் அந்தப் பக்கம் போவதற்குள் அவர் மனைவி ஹேஸல் இந்தப் பக்கம் வந்தாள். அவள் புருஷன் பேச்சை எப்போதுமே காதில் வாங்குவதில்லை. "ஏம்ப்பா, இந்த வயசுல என்ன மாத்திரை போடுற?"

"பிரஷர்ம்மா." கூடத்தில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான், கைக்கு எட்டியதை எடுத்துவிட்டான்.

"உங்க அம்மாவுக்கும் அதானே. கவனமா இருப்பா. இவ்வளவு உப்பு ஆகாது." பன்றித் தொடை போயிற்று. மக்ரோனி போயிற்று. கீரையும் உப்புக்கண்டம் போட்டு வேகவைத்தது என்று அதையும் வழித்துக்கொண்டு போனாள்.

பெர்சி என் காதில், "அத்தை, இவ பட்டினியாலயே செத்துருவாடி" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடுத்து வருவது யார் என்று பார்த்ததும் அடங்கிவிட்டது. வெர்னிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏப்ரன் கட்டிக்கொண்டு, கோழித் தட்டோடு நேராக அவனிடம் வந்தாள்.

"உனக்கு என்னடா மருந்து?"

கேட்டது மெதுவாகத்தான். அவனைச் சின்ன வயசிலிருந்து குளிப்பாட்டியவள், அவனுக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது என்று தெரிந்தவள். லெமுவல் அண்ணாந்து பார்த்தான். அந்த ஒரு நொடி, சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"வயித்துப் புண்ணு, அக்கா."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

வெர்னிஸ் அவனையே பார்த்தாள். அப்புறம் அவன் தட்டிலிருந்த கோழித் துண்டையும் எடுத்துவிட்டாள். "புண்ணு இருக்கறவன் எண்ணெய்ல பொரிச்சதத் திங்கலாமா?" தட்டில் ஒரு காய்ந்த சோள ரொட்டி மட்டும் மிஞ்சியது.

அப்போது லெமுவல் பையிலிருந்து சேவல் கூவியது.

பதட்டத்தில் அவன் நிறுத்துகிற பொத்தானை அமுக்காமல், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுப்பு என்கிற பொத்தானை அமுக்கியிருக்கிறான். ஒலிபெருக்கி தேவைப்படாத அளவுக்கு அது அந்தக் கூடத்தில் கணீரென்று கூவியது.

தலைமை மேஜையிலிருந்து ரெவரெண்ட் ஸ்ட்ரவுட் கோழிக்காலை ஆட்டினார். "பேதுருவே, எத்தன தடவ மறுதலிச்ச?"

சேவல் கூவுவதற்குள் பேதுரு மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்று மறுத்த கதையை ஞாயிறு பள்ளிக்கூடத்துக்குப் போன எவருக்கும் விளக்க வேண்டாமே, கூடம் அதிர்ந்தது. பர்விஸ் சிரித்துக்கொண்டே, "சர்க்கரைக்காரனக் கிண்டல் பண்ணாதீங்க" என்றார். "என்ன சர்க்கரை? என்கிட்ட பிரஷர்ன்னானே" என்றாள் ஹேஸல். இரண்டு பேரும் வெர்னிஸைப் பார்த்தார்கள். வெர்னிஸ் கையிலிருந்த கோழித் தட்டை மேஜையில் வைத்தாள்.

லெமுவல் எழுந்தான். சாவிக்கொத்தைப் பிடித்தபடி வாசல் பக்கம் நடந்தான். வெளியே வண்டி நிற்கிறது. அதில் ஏறினான் என்றால் அவனை நான் இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கால் எழுந்திருக்கப் பார்த்தது, ஆனால் எழுந்து என்ன சொல்வேன்? நான் போய்ப் பிடித்தால் அது என்ன மருந்து என்று கூடம் மொத்தமும் ஊகித்துவிடும். என் வேலை என்னவென்று இவர்கள் எல்லாருக்கும் தெரியுமே.

"லெமுவல்" என்றாள் வெர்னிஸ். "சமையல்கட்டுக்கு வா. அந்தத் தட்டையும் எடுத்துக்கிட்டு வா."

ஊரே சொன்னாலும் கேட்காதவன்கூட அந்தக் குரலுக்கு நிற்பான். அவன் நின்றான். திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். "ரோஸ்கோ, நீயும் வா. உன் பையிலயும் இதே சேவல்தான் கூவுச்சு."

சமையலறையில் வேறு யாரும் இல்லை. வெர்னிஸ் கதவைச் சாத்தினாள். என்னிடம்தான் முதலில் கேட்டாள். "என்ன மருந்து இது?"

"அது அவன்தான் சொல்லணும், வெர்னிஸ். என்னால முடியாது."

"உன் வாய்க்குப் பூட்டா? அதிசயம்தான்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இப்ப சேவல் இல்ல, சபை இல்ல. சொல்லு."

லெமுவல் தட்டை மேடையில் வைத்தான். "எய்ட்ஸ் கிருமி ஒட்டாம இருக்கறதுக்குக்கா. எனக்கு வரல. வராம இருக்கத்தான் போடுறேன்."

"உனக்கு எதுக்கு அது?"

லெமுவல் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான். "நான் ஆம்பளைங்க கூடவும் பழகுறவன்க்கா."

"கூடவும்னா?"

"பொம்பளைங்க கூடவும்."

வெர்னிஸ் ஏப்ரன் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஒரு பக்கத்துலயே உனக்கு உருப்படியா ஒண்ணும் அமையல. இதுல ரெண்டு பக்கம் வேறயா?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். லெமுவலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது, அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டாள். "இது நெசமா வேல செய்யுமா, ரோஸ்கோ?"

"தினம் போட்டா செய்யும்."

"தினம் போடுறியாடா?"

"இப்பப் போடுறேன். முன்னாடி வண்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன், பாதி நாள் விட்டுப்போச்சு."

"ஏன் ஒளிச்ச?"

"உனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான்."

அவள் பக்கத்தில் இருந்த பெரிய மாவு டிரம்மின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் பயந்துக்கிட்டா சாகப் பாத்த?" என்றாள். "அம்மா போகும்போது உன் கையப் புடிச்சு என் கையில வெச்சா. இவன உயிரோட பாத்துக்கன்னா. அது ஒண்ணுதான் சொன்னா. யார் கூடப் பழகணும்னெல்லாம் சொல்லல." மூக்கை ஏப்ரனில் துடைத்தாள். "எனக்கு இது பிடிக்குதுன்னு நெனச்சுக்காத. நாளைக்கு உன் கூடச் சண்ட போடப் போறேன், நாளன்னிக்கும் போடுவேன். அதுக்கு நீ இருக்கணும். இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

"இல்லக்கா."

அவள் எழுந்து அலமாரியிலிருந்து கண்ணாடி கிளாஸ் ஒன்றை எடுத்துக் குழாயில் நிரப்பி நீட்டினாள். அவன் சாவிக்கொத்துக் குப்பியின் மூடியை மாற்றுப் பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தான், அவள்தான் வாங்கித் திறந்தாள். நீல மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு அவனிடம் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தான்.

"வாயத் தொற."

"அக்கா."

"தொறடா."

ஆறடி ஆள் குனிந்து வாயைத் திறந்து காட்டினான். அவள் உள்ளே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எனக்குக் கண்ணை மறைத்தது, கையுறையாலேயே துடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன், ஒருத்தனுக்கும் வீட்டிலிருந்து இப்படி ஒருத்தி வந்து நின்று பார்த்ததில்லை.

"இதுக்கு இனிப்பு ஆகுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆகும்."

"உப்பு?"

"ஆகும்."

"எண்ணெய்?"

"எல்லாம் ஆகும், வெர்னிஸ்."

அவள் அந்தக் காய்ந்த ரொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தட்டை மறுபடி நிரப்ப ஆரம்பித்தாள். கோழி இரண்டு துண்டு, பன்றித் தொடை, மக்ரோனி, கீரை. நிரப்பிக்கொண்டே, "நீ போட்டியா?" என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "உன்னத்தான் ரோஸ்கோ. ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்குற. உன் சேவல் கூவி எவ்வளவு நேரமாச்சு?"

நான் போடவே இல்லை. இந்தப் பிள்ளைக்காகப் பயந்ததில் என்னுடையது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அசடு வழிய, பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். கை தானாகவே மேடை மூலையில் அடுக்கியிருந்த காகிதக் கோப்பைப் பக்கம் போயிற்று. எனக்குக் கிருமி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சமையலறையில் எனக்குக் காகிதக் கோப்பைதான். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை, தட்டில் வைத்து நீட்டும்போது என் முன்னால் மட்டும் அது இருக்கும். நானும் கேட்டதில்லை. கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் இந்தச் சபையை விட்டே போக வேண்டியிருக்கும்.

வெர்னிஸ் என் கையைப் பார்த்தாள். லெமுவல் குடித்து வைத்த கிளாஸை எடுத்து, குழாயில் நிரப்பி என் கையில் கொடுத்தாள். நான் மாத்திரையைப் போட்டுப் பாதி குடித்தேன். என் கையிலிருந்து அவள் அதை வாங்கி, மிச்சத்தை நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தாள். கிளாஸை மேடையில் வைத்தாள். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு, மூப்பர் பர்விஸிடமிருந்து கோப்ளரைப் பிடுங்கி வரக் கூடத்துக்குப் போனாள்.